எல்டன்பரோவுக்கு வெற்றிலை வைத்த ஊர்

நல்லரத்தினத்துக்கு றேடியோவில் பாட்டு வேண்டாம், நாடகம் வேண்டாம், எந்த மந்திரி எந்தப் பாலத்தைத் திறந்தார் என்கிற விண்ணாணமும் வேண்டாம். மாலை ஆறே காலுக்கு வரும் வானிலை அறிக்கை, அதிலும் கிழக்குக் கடலைப் பற்றிச் சொல்லும் அந்தக் கொஞ்சம், அது கிடைத்தால் போதும். அதைக் கேட்ட பிறகுதான் மருமகன் சாமித்தம்பியைத் தோணி தள்ள விடுவார். கேட்காமல் போன ஒரு மாரியில் நல்லரத்தினத்தின் தம்பி திரும்பி வரவில்லை. தோணியின் பலகை மட்டும் வாகரைப் பக்கம் ஒதுங்கியது. அன்று தொடக்கம் அந்த மனிதருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

ஏறாவூரில் ஒரு வியாபாரியிடம் சின்னதாய் ஒரு ஜப்பான் றேடியோ வாங்கி வைத்திருந்தார். கைக்குள் அடங்கும் பெட்டி. பின்பக்கம் பற்றரியைப் பிடிக்கும் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து விழுந்துபோக, ஒரு தூண்டில் முள்ளை வளைத்து அந்த இடத்தில் செருகியிருந்தார். அது பாட்டுக்கு நன்றாய்த்தான் கத்தியது. மாலையானால் நாவல்முனைக் கரையில் கவிழ்த்துவைத்த தோணியின் முதுகில் அதை வைப்பார். ஊரே சுற்றி நின்று கேட்கும். கடல் சரியில்லை என்றால் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். இதில் குறை கண்டுபிடிக்க ஒரு மனிதன் காரில் வரவேண்டியிருந்தது.

வந்தவர் மட்டக்களப்பு டவுணில் இருந்த எல்டன்பரோ வானொலி மாளிகையின் மனேஜர், சில்வெஸ்டர். வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். கடற்றொழில் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, ஊரைக் கூப்பிட்டு இருத்தி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி பேசினார்.

"பெரியோர்களே, நான் உங்கள் ஊருக்குள் இறங்கியதும் ஒரு சத்தம் கேட்டேன். ஒரு தோணியின் மேல் ஒரு பெட்டி கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆண்கள், பெண்கள், நாய்கள். எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் கேட்கிற ஒன்றுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? எங்கள் கம்பனி வருடக்கணக்காய் ஆராய்ச்சி செய்து, குறைவான பேருக்குக் கேட்கிற றேடியோவைக் கொண்டுவந்திருக்கிறது."

பின்வரிசையில் இருந்து நல்லரத்தினம் எழுந்து, "ஐயா, அது தெளிவாக் கேக்குமா?" என்று கேட்டார்.

"தெளிவு என்பது எண்பது ரூபாய்ப் பெட்டிக்காரர் கேட்கிற கேள்வி," என்றார் மனேஜர், கோபமேயில்லாமல். "எல்டன்பரோ வைத்திருப்பவரிடம் றேடியோ என்ன சொன்னது என்று எவரும் கேட்பதில்லை. எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். நேற்றுத்தான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு சங்கம் விண்ணப்பம் போட்டிருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

களுவாஞ்சிக்குடி என்ற சொல் விழுந்ததும் வினாயகமூர்த்தியின் முகம் மாறியது. அவர் சங்கத்தின் தலைவர். அதோடு அம்மன் கோயிலை நடத்தும் வண்ணக்கரும் அவர்தான். அவருடைய சம்பந்தி களுவாஞ்சிக்குடிக்காரர். இவர் அங்கே போகும்போதெல்லாம், எங்கள் ஊரில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே மனிதரின் ஈரலை அரித்தெடுத்தவர். வண்ணக்கர் எழுந்து, சங்கம் அந்த றேடியோவை எடுக்கும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். சங்கத்தில் இருந்த காசு புதுத் தோணி ஒன்றும் வலையும் வாங்கச் சேர்த்தது. எல்டன்பரோவின் விலையும் சரியாக ஒரு தோணியும் வலையும்தான். கம்பனிக்காரர் எப்படித்தான் கணக்குப் பார்த்தார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. தரம் குறைந்த றேடியோ சத்தம் போடும் ஊரில் எல்டன்பரோ குடியிருக்காது. ஊரிலுள்ள மற்றப் பெட்டிகளைக் கம்பனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இனி வாங்கவும் கூடாது. ஊரில் இருந்ததோ மூன்று. வாத்தியாருடையது, தேத்தண்ணிக்கடைக்காரருடையது, நல்லரத்தினத்துடையது. முதல் இரண்டும் அன்றைக்கே காரில் ஏறின.

நல்லரத்தினம் மாட்டேன் என்றார். வண்ணக்கர் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"இஞ்ச பார் நல்லரத்தினம். உன்ர மருமகன் போறது சங்கத் தோணியில. சங்கம் சொல்லுறதக் கேளாதவனுக்கு சங்கம் தோணி குடுக்க ஏலுமா? மறுகா என்னை நோவாத."

"வானிலை சொல்லுறத மட்டும் ஒழுங்காக் கேக்க விடுவீங்களா, வண்ணக்கர்?"

"அதுக்குத்தானேடா இவ்வளவு காசு குடுக்கிறம்."

அவர் போனதும் மனைவி ஆச்சிப்பிள்ளை சுளகைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாக் கேக்கிற பெட்டியக் குடுத்துப்போட்டு என்னத்தக் கேக்கப் போறீங்க?" என்றாள். மகள் கண்ணகை பெட்டியைத் துடைத்து ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள், அது மறுநாளே கம்பனிக்குப் போனது. அவளுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்தான். சாமித்தம்பி பெண் வீட்டோடு வந்து இருப்பவன், மாமனார் முகத்தைப் பார்த்து அதிகம் பேசாதவன். அன்றைக்கு மட்டும், "பரவால்ல மாமா, புதுசு இன்னும் நல்லாச் சொல்லும்," என்றான்.

றேடியோவை எடுத்துவர வண்ணக்கர், வாத்தியார், நல்லரத்தினம் மூவரும் டவுணுக்குப் போனார்கள். பெட்டி கொடுத்தவர்களும் வரவேண்டும் என்று கம்பனி எழுதியிருந்தது. தேத்தண்ணிக்கடைக்காரர் கெட்டிக்காரர், வயிற்றுவலி என்று நின்றுவிட்டார். மற்றவர்கள் பனிச்சங்கேணித் துறையில் களப்பைக் கடக்கக் காத்துக் கிடந்து, புழுதியெல்லாம் தின்று, வெள்ளை வேட்டி மண்ணிறமாகி மாளிகை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நல்லரத்தினத்திடம் கழற்றச் செருப்பு இல்லை. அது அவர்களுக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. கடைசியில் ஒரு சோடி செருப்பைக் கொடுத்துப் போடச் சொல்லி, பிறகு கழற்றச் சொன்னார்கள். உள்ளே எல்லாரும் இரகசியம் பேசினார்கள். சிவப்புத் திரைக்கு முன்னால் மூவரையும் இருத்தி, மனேஜர் ஒவ்வொன்றாய்க் கேட்டார். ஊரில் எத்தனை ஓட்டு வீடு? வண்ணக்கர் ஆங்கிலம் வாசிப்பாரா? வாசிக்காவிட்டால் வாசிக்கிற மாதிரி இருக்கத் தெரியுமா? கடைசிக் கேள்விக்கு வண்ணக்கர் ஓம் என்றதும் மனேஜர் மிகவும் மகிழ்ந்துபோனார்.

திரை விலகியது. தேக்குமரத்தில் ஒரு பேழை. அதற்குப் பித்தளைப் பூட்டு. முன்பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் கிரீடம் வைத்த ஒரு மிருகம். அது சிங்கமா நாயா என்று மூவருக்கும் பிடிபடவில்லை, கேட்கவும் துணியவில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மனேஜர் விதிகளைச் சொன்னார். நாளொன்றுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் திறக்கக் கூடாது, திறந்தால் அந்தஸ்துக் குறையும். மீன்வாடை உள்ளவர்கள் பத்து முழத்துக்குள் வரக் கூடாது. சத்தத்தைக் கூட்டுவது பண்பாடில்லை.

"ஐயா, எங்கட ஊரில மீன்வாடை இல்லாத ஆள் ஆர் இரிக்காங்க?" என்றார் நல்லரத்தினம்.

"அதைத்தான் நாங்களும் யோசித்தோம்," என்றார் மனேஜர். "ஆனாலும் உங்கள் காசை ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்தோம்."

எல்டன்பரோ ஊருக்குள் வந்தபோது மேளம் அடித்து, குடை பிடித்துக் கூட்டிப்போனார்கள். சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, பேழையை வைத்தார்கள். அங்கேதான் ஊர்ப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. கம்பனி சொன்ன விதிகள் போதாதென்று நாங்களும் கொஞ்சம் சேர்த்தோம்.

நாவல்முனையில் தாய்வழியாய் வந்த ஏழு குடி உண்டு. அம்மன் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை, எந்தக் குடிக்கு முதல் வெற்றிலை என்பதெல்லாம் முறையாய் இருக்கிறது. அதில் ஒரு பாக்குக் குறைந்தாலும் ஊர் இரண்டுபடும். இப்போது பூட்டும் பேழையும் குடையும் மேளமுமாய் ஒன்று வந்து இருந்தால், அதைத் திறக்கிற உரிமை யாருக்கு? முதலாம் குடித் தலைவர் தமக்கு என்றார். நாலாம் குடித் தலைவர் எழுந்து துண்டை உதறினார். வண்ணக்கர் மூன்று கூட்டம் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். நாளுக்கு ஒரு குடி. அந்தக் குடித் தலைவரை வாசலில் எதிர்கொண்டு, வட்டாத் தட்டில் வெற்றிலை வைத்து, அவர் எடுத்து மென்ற பிறகு பூட்டின் திறப்புக் கையில் கொடுபடும். அவர் குமிழைத் திருகுவார். அதற்கு முன் எவர் தொட்டாலும் குற்றம்.

நல்லது. ஆறு மணிக்குத் தலைவர் வருவார். அவருக்கு முன்னால் வட்டா நீட்டுவார்கள். அவர் உடனே எடுத்தால் மரியாதை இல்லை, மற்றக் குடித் தலைவர்களைப் பார்த்து நீங்கள் எடுங்கள் என்பார். அவர்கள் இல்லை நீங்கள் என்பார்கள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் வைத்து, துப்புவதற்கு வெளியே போய் வருவார். அதற்குள் வானிலை அறிக்கை முடிந்து எங்கோ ஒரு அம்மா பச்சடி செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஊர் பயபக்தியோடு பச்சடி கேட்கும். நல்லரத்தினமும் மீன்வாடைக்காரர்களும் வெளியே பத்து முழத்துக்கு அப்பால் மணலில் இருப்பார்கள். அவர்களுக்குப் பச்சடியும் கேட்காது.

"வண்ணக்கர், அஞ்சரைக்கே வெத்தில வைச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"பொழுது படமுன்னம் வெத்தில வைக்கிறது சாவீட்டில, விசர்க்கதை கதையாத," என்று வாயை அடைத்தார் வண்ணக்கர்.

புரட்டாதி கழிந்து ஒருநாள் எல்டன்பரோ மூச்சை நிறுத்தியது. டவுணிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் அதற்கொரு செலவு. நீ முன்னம் பெட்டி வைத்திருந்தவன்தானே, இரகசியமாய்ப் பார் என்று வண்ணக்கர் நல்லரத்தினத்தைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். குளித்து, சந்தனம் பூசி வந்து பேழையின் பின்பலகையைக் கழற்றினார். தேக்குப் பேழை முழுக்க வெறும் காற்று. நடுவில், இரண்டு ஆணியில் கட்டி, கையகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. பற்றரியைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தூண்டில் முள்.

நல்லரத்தினம் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. "இது என்ர றேடியோ," என்றார்.

அவரும் ஒளிக்கவில்லை, விலகிக் கிடந்த முள்ளைச் சரியாக்கிப் பேசவைத்து, ஊரைக் கூட்டிக் காட்டினார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, ஓம் என்றார். மனேஜருக்குத் தந்தி போனது. ஊர் கொந்தளிக்கும், காசு திரும்பும், தன் பெட்டி தன் கைக்கு வரும், சாமித்தம்பி நிம்மதியாய்த் தொழிலுக்குப் போவான் என்று நல்லரத்தினம் நம்பியிருந்தார். பாவம், அவர் ஊரையும் அறியவில்லை, கம்பனியையும் அறியவில்லை.

மனேஜர் வந்து எதையும் மறுக்கவில்லை. அதுதான் வேடிக்கை.

"இதில் என்ன இரகசியம் இருக்கிறது?" என்றார். "றேடியோ செய்ய நாங்கள் என்ன ஜப்பான்காரரா? நாங்கள் பெயர் செய்கிறோம். நீங்கள் கொடுத்தது ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டி. நாங்கள் அதற்குப் பெயர் வைத்து, வீடு கட்டி, கிரீடம் சூட்டி அனுப்பினோம். இந்த வருடம் எத்தனையோ பெட்டிகள் எங்கள் மாளிகைக்கு வந்தன. வாத்தியாருடையது தன்னாமுனைக்குப் போயிற்று. ஆனால் இந்தப் பெட்டி உங்கள் ஊரிலிருந்தே போய், எல்டன்பரோவாகி, உங்கள் ஊருக்கே வந்திருக்கிறது. இந்தப் பாக்கியம் எந்த ஊருக்குக் கிடைத்தது?"

வண்ணக்கர் எழுந்தார். முகமெல்லாம் பெருமை.

"கேட்டீங்களா. களுவாஞ்சிக்குடிக்குப் போனது ஆர்ர பெட்டியோ. நம்மட எல்டன்பரோ நம்மட மண்ணில பிறந்தது."

ஊர் கைதட்டியது. நல்லரத்தினம் கத்தினார், "டேய், ஒரு தோணிக் காச வாங்கிக்கொண்டு என்ர பெட்டிய எனக்கே வித்திருக்கான். உங்களுக்கு வெக்கமா இல்லையா?" அவரை இருத்திவிட்டார்கள். மனேஜரைப் பார்த்துக் கடைசியாய்க் கேட்டார். "ஐயா, பேர் உங்கடதாகவே இருக்கட்டும். ஆறே காலுக்கு வானிலைய மட்டும் வெளியால கேக்கிற மாதிரித் திறந்துவிடச் சொல்லுங்க."

மனேஜருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "வானிலையா? எல்டன்பரோ வைத்திருப்பவர்கள் வானிலை கேட்பதில்லையே. அது கடலுக்குப் போகிறவர்கள் கேட்பது," என்றார். போகும்போது, முறையில்லாமல் பேழையைக் கழற்றியதற்கு நல்லரத்தினத்திடம் ஒரு குலை தேங்காய் குற்றத் தண்டமாய் வாங்கவும் சிபாரிசு செய்தார். தேங்காயை அவர் காரிலேயே ஏற்றினார்கள்.

கார்த்திகை பிறந்தது. றேடியோ செத்துக் கிடந்த நாள் மூன்றாம் குடியின் முறை. அந்த நாள் போனது போனதுதானா, அல்லது மூன்றாம் குடிக்கு இன்னொரு நாள் வருமா என்று பிரச்சினை கிளம்பி வாரக்கணக்காய்ப் புகைந்தது. ஒரு மாலை மூன்றாம் குடித் தலைவரும் நாலாம் குடித் தலைவரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். வட்டா ஒன்று, ஆள் இரண்டு. வண்ணக்கர் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தீர்ப்பு வரும்வரை எவருக்கும் இல்லை என்று இருந்துவிட்டார்.

வானம் வெளித்துக் கிடந்தது. கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அதுதான் நல்லரத்தினத்துக்குப் பயம். தம்பி போன நாளும் அப்படித்தான் இருந்தது. அவர் பத்து முழத்தைத் தாண்டி உள்ளே வந்து வண்ணக்கரின் காலைப் பிடித்தார்.

"ஒருக்காத் திறந்துபோட்டுப் பூட்டுங்க. பெடியனுகள் தோணி தள்ளப் போறானுகள். உங்களக் கும்பிட்டன்."

"நான் திறந்தா மூண்டாம் குடி நாளைக்குக் கோயிலுக்கு வராது," என்றார் வண்ணக்கர். அவர் கண்ணிலும் பயம் இருந்தது. கடலுக்குப் பயமா, மூன்றாம் குடிக்குப் பயமா என்று சொல்ல முடியாது.

நல்லரத்தினம் கரைக்கு ஓடினார். போகாதே என்று சாமித்தம்பியை மறித்தார். "மாமா, நாலு நாளாத் தொழில் இல்ல. நிண்டா தோணிய மற்றவனுக்குக் குடுத்திருவாங்க. வானத்தப் பாருங்க, நல்லாத்தானே இரிக்கி," என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறினான். மூன்று தோணி போனது. விடியப் பார்க்கையில் கரையில் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. இரண்டு தோணி ஆட்கள் குற்றுயிராய் வந்து சேர்ந்தார்கள். சாமித்தம்பியின் தோணி வரவேயில்லை. கண்ணகை மணலில் இருந்த இருப்பை யாராலும் எழுப்ப முடியவில்லை. நல்லரத்தினம் அழவில்லை. அவர் கடலோரம் நடந்து நடந்து பலகை தேடினார்.

சாமித்தம்பிக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிய மனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். சங்கக் கட்டடத்தின் கூரை பறந்திருந்தது, மேசை மேல் பேழை அப்படியே இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, படம் பிடிக்கிறவரைக் கூப்பிட்டு, இப்படியொரு புயலிலும் எல்டன்பரோ ஒரு வார்த்தை பேசவில்லை, இதுதான் நிதானம் என்றார். பக்கத்தில் நல்லரத்தினத்தை நிறுத்தி ஒரு படமும் எடுத்தார்கள். வண்ணக்கருக்கும் மனம் தாங்கவில்லை போலும். ஏழு குடியையும் கூட்டி, எல்லாரும் ஒத்துக்கொண்டு, இனி முதல் வெற்றிலையும் திறப்பும் என்றென்றைக்கும் நல்லரத்தினத்துக்கே என்று தீர்மானித்தார்கள். அதைவிடப் பெரிய ஆறுதல் அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் மாலை அவருக்குக் குடை பிடித்தார்கள். வெளியே பெடியன்கள் ஐந்தாறு பேர் வலையோடு நின்றார்கள். ஆறே காலாகப் போகிறது. வட்டா வந்தது. நல்லரத்தினம் அதைப் பார்க்கவேயில்லை. வண்ணக்கரின் இடுப்பிலிருந்து திறப்பைப் பிடுங்கி, பூட்டைத் திறந்து, குமிழை முழுக்கத் திருகினார். குரல் வெளியே மணல்வரைக்கும் கேட்டது. "கிழக்குக் கடலில் இன்றிரவு..."

நாலாம் குடித் தலைவர் பாய்ந்து வந்து குமிழைத் திருகி நிறுத்தினார்.

"வெத்தில எடாமத் திருகினது செல்லாது," என்றார் அவர்.

"ஓம், முறை முறைதான்," என்றார் வண்ணக்கர் தாழ்ந்த குரலில். "எடு நல்லரத்தினம். எடுத்துப்போட்டு மறுகாத் திருகு. உன்ர கௌரவத்துக்குத்தானே சொல்லுறம்."

நாலு பேர் கையைப் பிடித்திருந்தார்கள். அவர் வெற்றிலையை எடுத்தார். காம்பைக்கூடக் கிள்ளாமல் வாயில் திணித்தார். மென்று முடியுங்கள் என்றார்கள். மென்று, கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டுத் திரும்பத் திருகியபோது அந்த அம்மா வந்துவிட்டாள். இன்றைக்குப் புளிச்சாதம்.

வாசலில் நின்ற பெடியன்களில் மூத்தவன் எட்டிப் பார்த்து, "மாமா, கிழக்குக் கடலுக்கு என்னவாம்?" என்று கேட்டான்.

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெடியன்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணி தள்ளப் போனார்கள்.